ஆறாவது தொட்டி

பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில், முன்பு பெற்றோல் நிலையம் இருந்த ஒரு காணியைச் சோதித்து முடித்து, "மண்ணில் குறை ஒன்றும் இல்லை" என்று அறிக்கை அனுப்புகிற கட்டத்தில்தான் பிரபாலினி கமலநாயகியைச் சந்தித்தாள். அந்தச் சந்திப்பு ஒரு கிழமை பிந்தியிருந்தால் அறிக்கை போயிருக்கும். காணியில் பாலர் பாடசாலை எழும்பியிருக்கும். மண்ணுக்குள் கிடந்தது அப்படியே கிடந்திருக்கும்.

பிரபாலினிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பேர்லினுக்கு வந்தவள். அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் முடித்து, அந்த நகரத்தின் நிலத்தைத் துளைத்துப் பார்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டவள். பெற்றோல் நிலையம், கார் திருத்துகிற இடம், உடுப்புகளை இரசாயனத்தில் வெளுக்கிற இடம் என்று எங்கெல்லாம் நிலத்துக்குக் கீழே தொட்டி புதைத்து எண்ணெயும் இரசாயன மருந்தும் சேர்த்து வைத்தார்களோ, அங்கெல்லாம் அவளை அனுப்புவார்கள். தொட்டி ஒழுகியதா, ஒழுகியது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது, நிலத்தடி நீரைத் தொட்டதா என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது அவள் வேலை.

பத்தாம் வகுப்பு முடிந்தபோது அவளுடைய ஆசிரியை அவளை ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசைக்கு அனுப்பத்தான் பார்த்தார். பிரபாலினி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மாதம் பாடசாலையிலிருந்து ஒரு தொழிற் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மூலையில், ஆள் கூட்டம் இல்லாத மேசையில், ஒரு மீற்றர் நீளத்துக்கு மண்ணை அப்படியே உருவி எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மேலே செங்கல் தூள். அதன் கீழே நாலு விரல் தடிப்புக்குக் கரி. அதற்கும் கீழே சுத்தமான மஞ்சள் மணல்.

"இந்தக் கரி எப்படி வந்தது?" என்று அவள் கேட்டாள்.

"யுத்தத்தில் எரிந்த வீடு" என்றார் அங்கே நின்ற ஆள்.

எரிந்த வீட்டை அவளுக்குத் தெரியும். சாவகச்சேரியில் அவர்களுடைய ஒழுங்கையிலேயே இரண்டு இருந்தன. ஆனால் அது மண்ணுக்குள் ஒரு கோடாக நின்று, பிறகு வருகிற ஒருத்திக்கு நடந்ததைச் சொல்லும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

தாய்க்குப் பெரிய ஏமாற்றம். "மண் அள்ளுறதுக்கோ இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்று கேட்டார்.

"அள்ளுறேல்லை அம்மா. பாக்கிறது."

"அதிலை பாக்க என்ன கிடக்கு?"

ஆவுஸ்பில்டுங் என்கிற மூன்று வருடத் தொழிற்பயிற்சியில் அவள் ஒருத்திதான் பெண். சொல்லிக்கொடுக்கிறவர் ஒவ்வொரு முறையும் பாரம் குறைந்த சாமானைப் பார்த்து அவளுக்குக் கொடுத்தார். இரண்டாவது கிழமை அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டு, மற்றவர்கள் தூக்குகிற இரும்புக் குழாயையே தூக்கினாள். அதற்குப் பிறகு யாரும் அப்படிப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுக்கவில்லை. இருபது வருடம் கழித்து அவள் செம்மஞ்சள் மேலாடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஒரு காணிக்குள் இறங்கினால், அங்கே யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அவளோடு பதினொரு வருடமாக வேலை செய்கிற மார்சின் என்கிற போலந்துக்காரர் துளைக்கிற இயந்திரத்தைப் பிடிப்பார். மண்ணைப் பார்ப்பதும் எழுதுவதும் அவள். இருவருக்கும் நடுவில் பேச்சு குறைவு. கை காட்டினாலே போதும்.

நொய்கெல்ன் காணியின் கதை கடதாசியில் தெளிவாகத்தான் இருந்தது. பெற்றோல் நிலையம் தொண்ணூற்றாறில் மூடப்பட்டது. அடுத்த வருடம் நிலத்துக்குக் கீழே இருந்த ஐந்து தொட்டிகளையும் கிளப்பி எடுத்து, குழிகளை நல்ல மணலால் நிரப்பியதற்குப் பத்திரம் இருந்தது. பிறகு கொஞ்சக் காலம் பழைய கார் விற்றார்கள், கொஞ்சக் காலம் ரயர் மாற்றினார்கள். இப்போது வெறுங் காணி. பெற்றோல் நிலையம் நடத்தியவரின் பேரன் அதை நகரசபைக்கு விற்கப் போகிறார், நகரசபை அங்கே பாலர் பாடசாலை கட்டப் போகிறது. கட்டுவதற்கு முன் மண் சுத்தமா என்று தெரியவேண்டும்.

எங்கெங்கே துளைப்பது என்று பிரபாலினியின் அலுவலகத்தில் இருந்த லிசா என்கிற பொறியியலாளர் திட்டம் போட்டாள். பதினான்கு இடங்கள். பேர்லினில் எந்த இடத்தில் துளைப்பதற்கும் முன்னால், யுத்தகாலத்துக் குண்டு ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு வெடிபொருள் தேடுகிறவர் வரவேண்டும். அவர் வந்தார். இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியோடு காணி முழுக்க நடந்தார். பின்மதில் ஓரமாக, திட்டத்தில் பதினோராவது இடம் என்று குறித்திருந்த இடத்தில் கருவி கத்தியது. அவர் தார்த்தளத்தின் மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டார்.

"கீழே பெரிய இரும்பு இருக்கிறது. பழைய குழாயாக இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். கட்டிடம் கட்டுகிற நேரம் திறந்து பார்ப்பார்கள். நீங்கள் இப்போதைக்கு இதைத் தொடாதீர்கள்" என்றார்.

பிரபாலினி பதினோராவது இடத்தை நாலு மீற்றர் இடப்பக்கம் தள்ளிப் புதிதாகக் குறித்தாள். லிசா ரெலிபோனில் சரி என்றாள். இப்படித் தள்ளுவது எல்லா வேலையிலும் நடக்கிறதுதான்.

பதினான்கு இடத்திலும் எடுத்த மண் சுத்தமாக இருந்தது. காணியின் கீழ்ப்பக்கம், நிலத்தடி நீர் ஓடுகிற திசையில் போட்ட சிறு கிணற்றின் தண்ணீரில் மட்டும் ஒரு துளி எண்ணெய்த் தன்மை தெரிந்தது. சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள்தான். தெருவிலிருந்து வந்திருக்கும் என்றாள் லிசா. இருக்கலாம் என்று பிரபாலினியும் சொன்னாள். ஆனால் அந்த அளவை அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டுமுறை கீழ்க்கோடிட்டு வைத்தாள். தெருவிலிருந்து வருகிற எண்ணெய் மேலாலே வரும். இது அடியாலே வந்திருந்தது.

கடைசி நாள், துளைத்த ஓட்டைகளை மூடுவதற்காகப் போயிருந்தார்கள். ஐப்பசி மாதம், தூறல். மார்சின் குழாயைப் பிழையான பக்கம் தூக்கியதற்காக அவள் ஜேர்மன் மொழியில் சத்தம் போட்டுக்கொண்டு நின்றாள். வேலிக்கு வெளியே, சில்லு வைத்த சாமான் பையோடும் குடையோடும் ஒரு அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது மதிக்கலாம்.

"தங்கச்சி, நீர் தமிழோ?"

"ஓம் அக்கா. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"அந்தாளை டொச்சிலை பேசேக்கை இடையிலை ஒருக்கா 'ஐயோ' எண்டனீர்."

பிரபாலினி சிரித்துக்கொண்டு வேலிக்குக் கிட்டப் போனாள். அந்த அம்மாவின் பெயர் கமலநாயகி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். தமிழ்க்கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்த வழி.

"என்ன செய்யிறியள் இதுக்கை? வீடு கட்டப் போயினமோ?"

"கீற்றா கட்டப் போயினம் அக்கா, சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம். அதுக்கு முதல் கீழை மண் பழுதாப் போச்சோ எண்டு பாக்கிறம். பெற்றோல் செட் இருந்த இடமெல்லோ."

"எனக்குச் சொல்லுறீரோ? நான் உதுக்கை வேலை செய்தனான்."

சொன்ன கையோடு கமலநாயகி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை. பிரபாலினி கையுறையைக் கழற்றினாள்.

"எப்ப அக்கா?"

"எண்பத்தெட்டிலை. வந்த புதுசு. கடை, கக்கூசு, பின்னாலை கராஜ் எல்லாம் நான்தான் கழுவுறது. அந்தக் கராஜிலை ஒரு கூத்து நடந்தது பாரும். பின்னாலை நிலத்திலை ஒரு இரும்பு மூடி இருந்தது. நான் தண்ணி போற கான் எண்டு நினைச்சு, மூடியைத் திறந்து, நிலம் கழுவின தண்ணி ரெண்டு வாளியையும் அதுக்கை ஊத்திப்போட்டன். முதலாளி ஓடிவந்து கையைப் பிடிச்சு இழுத்துக் கத்தின கத்து! எனக்கு அப்ப டொச் விளங்காது. 'ஒயில், ஒயில்' எண்டது மட்டும் விளங்கினது."

"அது கானில்லையோ?"

"காருகளிலை இருந்து வடிக்கிற கறுத்த ஒயில் எல்லாம் அதுக்கைதான் விடுறது. எனக்குத் தெரியேல்லை. அடுத்த நாள் ஒரு லொறி வந்து, குழாய் விட்டு எல்லாத்தையும் உறிஞ்சிக்கொண்டு போச்சுது. என்ரை தண்ணியையும் சேத்து. ஒரு கிழமையா முறைச்சுக்கொண்டு திரிஞ்சான் மனிசன்."

பிரபாலினி மிகவும் சாதாரணமாகக் கேட்டாள். "மூடி எந்த இடத்திலை இருந்தது எண்டு ஞாபகம் இருக்கோ?"

கமலநாயகி உள்ளே வர மறுத்துவிட்டார். குடையை மடித்து, வேலிக் கம்பிக்குள்ளால் நீட்டிக் காட்டினார். "பின்மதிலிலை கல்லின்ரை நிறம் மாறுதெல்லோ, மஞ்சளா? அதுக்கு நேர முன்னாலை. நாலு எட்டு வராது."

அந்த இடத்தில்தான் சிவப்பு வட்டம் இருந்தது. மழையில் நனைந்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிரபாலினி அதை முழுதாக ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து தொட்டிக்குப் பத்திரம் இருந்தது. ஆறாவதற்கு இல்லை. ஆறாவது இருக்கிற இடத்தைத் தன் கையாலேயே தவிர்த்துவிட்டு, சுத்தம் என்று எழுதிவைத்திருக்கிறாள்.

"தங்கச்சி" என்றார் கமலநாயகி, குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னன் எண்டு எங்கையும் எழுதிப்போடாதையும். எனக்கு அப்ப வேலை செய்ய விடேல்லை. களவாத்தான் செய்தனான்."

அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. பிரபாலினிக்கு அது தெரியும். அவளுடைய தகப்பனும் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவியவர்தான். பொலிஸ் வந்தால் எந்தக் கதவால் ஓடுவது என்பதைத்தான் அவர் முதலில் பழகினார்.

"நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் உங்கடை பேரை ஒரு இடத்திலையும் எழுதமாட்டன் அக்கா" என்றாள். "ஆனா உங்கடை நம்பரைத் தாங்கோ."

கமலநாயகி கொஞ்சம் யோசித்தார். பிறகு தந்தார்.

வான் வண்டிக்குள் ஏறியவுடன் பிரபாலினி லிசாவுக்கு அழைத்தாள். "அறிக்கையை அனுப்பிவிட்டாயா?"

"நாளைக்கு அனுப்புகிறேன். ஏன்?"

"அனுப்பாதே. அந்தச் சிவப்பு வட்டத்துக்குக் கீழே கழிவு எண்ணெய்த் தொட்டி இருக்கிறது."

லிசா மெதுவாக, "யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"அங்கே வேலை செய்த ஒருவர். பெயர் இப்போது தரமுடியாது. அந்த இடத்தை நகர்த்தினது நான். அதை அறிக்கையில் எழுது."

"சரி என்று சொன்னது நான்."

"அப்படியென்றால் இரண்டு பேரையும் எழுது. முதலில் அதைத் திறக்கிற வழியைப் பார்."

பிழை விட்டதற்காக அவள் அன்றைக்குத் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கவில்லை. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, இனித் திருத்துவதுதான் வேலை என்பது அவள் எண்ணம். வீட்டில் கணவன் யூட்டிடம் சோற்றைப் போட்டுக்கொண்டே விசயத்தைச் சொன்னாள். யூட் பஸ் ஓட்டுகிறவர். "குண்டா இருந்தால்?" என்று கேட்டார். "குண்டில்லை" என்றாள் பிரபாலினி. "குண்டுக்கு மூடி இருக்காது."

மூன்றாவது கிழமை வெடிபொருள் தேடுகிறவர் சிறிய தோண்டும் இயந்திரத்தோடு திரும்பி வந்தார். தன் முகத்தில் நம்பிக்கையையும் காட்டாமல் சந்தேகத்தையும் காட்டாமல், எல்லோரையும் காணிக்கு வெளியே போகச் சொன்னார். பிரபாலினியும் மார்சினும் தெருமுனையில் வானுக்குள் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். லிசா குடிக்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் தார்த்தளத்தை வெட்டி, ஒவ்வொரு சாண் ஆழமாக மண்ணை விலக்கி, இடைக்கிடை இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரண்டியால் கிண்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பிறகு எழும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். வரலாம் என்று அர்த்தம்.

இரண்டு படை தாருக்குக் கீழே வார்ப்பிரும்பு மூடி ஒன்று தெரிந்தது. அதன் ஓரத்தால் வருகிற மணத்தைப் பிடிக்கக் கருவி தேவைப்படவில்லை. கார் திருத்துகிற இடத்துப் பழைய எண்ணெய் மணம், அதோடு சேர்ந்து மூக்கை உறுத்துகிற இன்னொரு மணம். இயந்திர உறுப்புகளைக் கழுவுகிற திரவத்தையும் அதற்குள்தான் ஊற்றியிருக்கிறார்கள் என்று பிரபாலினிக்கு உடனே விளங்கிவிட்டது. எண்ணெயைவிட அதுதான் பொல்லாதது. தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போகும்.

"ஓட்டையாக இருக்குமா?" என்று லிசா கேட்டாள்.

"இப்போ பார்ப்போம்."

தொட்டியின் பக்கவாட்டில், சுவரைத் தொடாமல், மார்சின் முதலாவது குழாயை அடித்து இறக்கினார். முதல் மீற்றரில் செங்கல் உடைசல். இரண்டாவது மீற்றரில் பழுப்பு மணல், நல்ல மணல். லிசாவின் முகம் தெளிந்தது. பிரபாலினி அடுத்த குழாயைக் காட்டினாள். மூன்றாவது மீற்றர் மேலே வந்தபோது குழாயின் நடுப்பகுதியிலிருந்து மண் கறுப்பாக, ஈரமாக, மினுமினுப்பாக இருந்தது. காற்றில் கலந்திருப்பதை அளக்கிற கருவியைக் கிட்டப் பிடித்தாள். எண் ஏறியது, ஏறியது, நிற்கவில்லை. நாலாவது மீற்றரிலும் கறுப்பு. அதற்குக் கீழே நீர்.

கமலநாயகியின் இரண்டு வாளித் தண்ணீரையும் வாங்கிக்கொண்ட தொட்டி, எத்தனையோ வருடமாகத் தன் அடியால் எண்ணெயை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிரபாலினி கண்ணாடிப் போத்தல்களில் மண்ணை நிரப்பி, மூடி இறுக்கி, ஆழத்தையும் நேரத்தையும் எழுதினாள். கீழ்க்கிணற்றில் தெரிந்த அந்த ஒரு துளிக்குக் கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. காணிக்காரப் பேரனின் சட்டத்தரணி ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தொட்டியைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது, தாத்தா அந்த இடத்தை எடுத்த காலத்துக்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும், நாங்கள் ஒருநாளும் பாவிக்கவில்லை, ஆகவே சுத்தப்படுத்துகிற பொறுப்பு எங்களுடையது அல்ல என்று கடிதம் சொன்னது. கடதாசி ஒன்றும் இல்லாதபடியால் அதை மறுக்கவும் வழி இல்லை. பொறுப்பு யாருடையது என்று தீராமல் தொட்டியைக் கிளப்பவும் ஏலாது. சுற்றாடல் திணைக்களத்து அதிகாரி லிசாவிடம் சொன்னார்: "அதைப் பாவித்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் பெயரோடு சொன்னால் போதும்."

பிரபாலினி கமலநாயகியிடம் வெறுங்கையோடு போகவில்லை. முதலில் அந்த அதிகாரியிடம், ஆளின் பெயர் சொல்லாமல் ஒரு கேள்வியை எழுதிக் கேட்டாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அனுமதி இல்லாமல் வேலை செய்த ஒருவர் இன்றைக்கு வந்து சாட்சி சொன்னால் அவருக்கு ஏதாவது நடக்குமா? பதில் எழுத்திலே வந்தது. ஒன்றும் நடக்காது, அந்த விசயம் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று கையெழுத்தோடு வந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனாள்.

கதவைத் திறந்தது கமலநாயகியின் மகள் சிவப்பிரியா. முப்பது வயது, மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தாய் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார் போலும். இருக்கச் சொல்லிவிட்டு நேரே விசயத்துக்கு வந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அம்மா இப்பவும் அம்ட் கந்தோரிலை இருந்து கடிதம் வந்தால் ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடமாட்டா. அவவை ஏன் உதுக்கை இழுக்கிறியள்?"

"இழுக்கேல்லை. கேக்கத்தான் வந்தனான். ஏலாதெண்டால் எழும்பிப் போயிடுவன்" என்று சொல்லி, பிரபாலினி கடிதத்தை மேசையில் வைத்தாள்.

சிவப்பிரியா அதை இரண்டு முறை வாசித்தாள். கடிதம் வாசிப்பதுதான் அவளுக்குத் தொழில். கடைசியில் தாயைப் பார்த்து, "சட்டப்படி ஒண்டுமில்லை அம்மா. ஆனா நீங்கள் போகவேணும் எண்டும் இல்லை" என்றாள்.

கமலநாயகி கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "அவன் என்னெண்டு எழுதியிருக்கிறான், அந்தப் பேரன்?"

"தங்கடை ஆக்கள் அதை ஒருநாளும் பாவிக்கேல்லையாம்."

"ஒருநாளும்?"

"ஓம். அப்பிடி ஒண்டு இருந்ததே தெரியாதாம்."

கமலநாயகி கோப்பியை வைத்துவிட்டார். "அப்ப என்ரை கையைப் பிடிச்சு இழுத்தது ஆர்? ரெண்டு நாள் கண்டி நீலமாப் போயிருந்தது. அந்தப் பேரன் அப்ப பிறந்திருக்கவும் மாட்டான், நான் அங்கை நிண்டனான்." மகளின் பக்கம் திரும்பி, "நான் போறன் பிள்ளை. அந்த அதிகாரியைப் பாக்க எனக்கொரு டெர்மீன் எடுத்துத் தா" என்றார்.

டெர்மீன் மார்கழி முதல் கிழமை கிடைத்தது. கமலநாயகி கறுப்புக் கோட்டுப் போட்டு, கொண்டையில் ஒரு கிளிப் குத்தி, ஒரு உறைக்குள் தன்னுடைய அந்தக் காலத்து அடையாள அட்டையையும் கொண்டு வந்திருந்தார். மொழிபெயர்க்கவேண்டி வரும் என்று பிரபாலினி பக்கத்தில் இருந்தாள். தேவைப்படவில்லை. கமலநாயகியின் டொச் இலக்கணத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத டொச்தான், ஆனால் சொல்லவேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. மூடி இருந்த இடத்தைக் கடதாசியில் கீறிக் காட்டினார். வாளியின் நிறத்தைச் சொன்னார். லொறியின் நிறத்தைச் சொன்னார். அடுத்த வருடத்திலும் இரண்டு முறை அதே லொறி வந்ததாகச் சொன்னார். அந்த நாட்களில் கராஜைக் கழுவவேண்டாம் என்று முதலாளி தன்னை வீட்டுக்கு அனுப்பியபடியால் ஞாபகம் இருக்கிறது என்றார்.

அதிகாரி தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டினார். "எண்பத்தெட்டாம் ஆண்டிலிருந்து தொண்ணூறுவரை அந்த நிலையத்தில் இடைக்கிடை உதவி செய்தவர்..."

"நில்லுங்கள்" என்றார் கமலநாயகி. "இடைக்கிடை இல்லை. உதவியும் இல்லை. துப்புரவு வேலை. கிழமையில் ஆறு நாள், காலை ஆறு மணியிலிருந்து."

அதிகாரி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

வெளியே வந்து படியிறங்கும்போது கமலநாயகி பிரபாலினியின் கையைப் பிடித்துக்கொண்டார். படி வழுக்குகிறது என்பதற்காகப் பிடித்தார் என்றுதான் பிரபாலினி முதலில் நினைத்தாள். "அந்த ரெண்டு வருசத்துக்கு என்னட்டை ஒரு கடதாசியும் இருக்கேல்லை" என்றார் கமலநாயகி. "வேலை செய்தனான் எண்டு நான் சொன்னால்தான் உண்டு. இப்ப அம்டிலை எழுதியிருக்கு. அதிலை ஒரு கொப்பி தருவினமோ?"

"தருவினம். நான் வாங்கித் தாறன்."

சாட்சி வந்த பிறகு சட்டத்தரணியின் அடுத்த கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. பேரன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பங்குனி மாதம் தொட்டியைக் கிளப்பினார்கள். முதலில் மிச்சம் கிடந்ததை உறிஞ்சி எடுத்து, உள்ளே கழுவி, ஆவி இல்லை என்று அளந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் பாரந்தூக்கி வந்தது. கமலநாயகி பார்க்க வந்திருந்தார். மார்சின் தன்னுடைய மேலதிகத் தலைக்கவசத்தை அவருக்குப் போட்டுவிட்டார். தொட்டி சேறு வடிய மேலே எழும்பியபோது, அதன் வயிற்றில் விரல் போகிற அளவுக்கு மூன்று துருப்பிடித்த ஓட்டைகள் தெரிந்தன. எண்ணெய் கசிந்து கசிந்து அந்தப் பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது.

"இவ்வளவு சின்னனோ!" என்றார் கமலநாயகி. "அவன் கத்தின கத்துக்கு நான் குளம் எண்டெல்லோ நினைச்சன்."

தொட்டி இருந்த குழிக்குள் பிரபாலினி இறங்கி, அடியிலிருந்தும் நாலு பக்கத்திலிருந்தும் மண் எடுத்தாள். கறுப்பு மண்ணை வெட்டி ஏற்ற லொறிகள் ஒன்பது நாள் வந்து போயின. வெட்டி முடிந்தது என்று தோண்டுகிறவர்கள் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மதில் பக்கத்தில் இன்னும் அரை மீற்றர் வெட்டச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டு வெட்டினார்கள். அங்கே இன்னொரு கறுப்புப் படை இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த மண்ணுக்கு ஆய்வுகூடத்திலிருந்து வந்த எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. நிலத்தடி நீருக்கு மட்டும் இன்னும் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்யவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தக் கிணறுகளுக்கும் அவள்தான் போனாள்.

இறுதி அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், பதினோராவது இடத்தை நகர்த்தியது யார், ஏன், அதனால் என்ன தவறியது என்று இரண்டு பந்தி இருந்தது. அதை எழுதியது பிரபாலினிதான். அலுவலகத்தில் ஒருவர், இவ்வளவு விபரமாக எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டபோது, "வேண்டும். அடுத்த முறை சிவப்பு வட்டத்தைக் கண்டால் நாலு மீற்றர் தள்ளிப்போகிறவர் இதை வாசித்துவிட்டுப் போகட்டும்" என்றாள்.

அதே வருடம் கோடையில் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. கமலநாயகிதான்.

"தங்கச்சி, வேலையோ? ஒரு அலுவல். எங்கடை கோயிலிலை நாகமுத்து அண்ணை எண்டு ஒராள் இருக்கிறார். அவரும் அந்த நாளையிலை எங்களை மாதிரித்தான், உடுப்பு வெளுக்கிற கடை ஒண்டின்ரை கீழ் அறையிலை நிண்டவர். அங்கை மருந்தை எங்கை ஊத்திறவங்கள் எண்டு அவருக்குத் தெரியுமாம். கதைக்கிறீரோ?"

பிரபாலினி வானை ஓரங்கட்டினாள். பேர்லின் முழுக்க எத்தனை பின்கட்டுகளில், எத்தனை கீழ் அறைகளில் இப்படி ஆட்கள் நின்றிருப்பார்கள் என்று இதுவரை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லாதவர்கள். எந்த மூடிக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள். அவள் குறிப்புப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

"குடுங்கோ அக்கா."

ஒரு வயதான குரல் தொண்டையைச் செருமியது. "பிள்ளை, நான் சொல்லுறன், நீர் எழுதும். ஒளிக்க ஒண்டுமில்லை. கமலநாயகி எனக்குக் கடதாசியைக் காட்டினவ. பேர் நாகமுத்து. டொச்சிலை எழுதேக்கை இவங்கள் கடைசி எழுத்தை விட்டுப்போட்டுத்தான் எழுதுறவங்கள். நீர் முழுசா எழுதும்."

"முழுசா எழுதுறன் அண்ணை" என்றாள் பிரபாலினி. "கடை எந்தத் தெருவிலை?"